கணக்குப் போடும் மாணவரின் மன முயற்சியை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"இந்தக் கணக்கு எவ்வளவு கடினம்?" என்று கேட்டால் மாணவர் கணக்கைப் பற்றிச் சொல்வார். "இதைப் போட எவ்வளவு மன முயற்சி செலவிட்டாய்?" என்று கேட்டால் தன்னைப் பற்றிச் சொல்வார். இரண்டு கேள்விகளும் ஒன்றுபோலத் தோன்றும்; விடைகளோ பல நேரம் எதிரெதிராகப் போகும். கணக்கைப் பார்த்ததுமே 'இது நமக்கு வராது' என்று பேனாவை மூடிவிட்டவரிடம், ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண் கேட்டால், கடினம் 9, முயற்சி 1. எளிய கணக்கைக்கூட மூன்று முறை சரிபார்ப்பவரிடம் கடினம் 3, முயற்சி 7.

மன முயற்சி அளவீட்டில் நேரும் குளறுபடிகளில் பெரும்பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. எதைக் கேட்கிறோம், எப்போது கேட்கிறோம் என்ற இரண்டும் சரியாக இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் போதும். அவை தவறினால் கண்ணசைவுக் கருவியும் மூளை அலைப் பதிவும் சேர்ந்தாலும் மீட்க முடியாது. அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் அதிக இடம். விலை கூடிய கருவிகளுக்குக் கொஞ்சம்.

முதலில்: எதை அளக்கப் போகிறோம்?

ஒரு சமயத்தில் நாம் மனதில் ஏந்தி வேலை செய்யக்கூடிய விவரங்கள் மிகக் குறைவு. ஜார்ஜ் மில்லர் 1956-இல் இதை ஏழு, அதிலிருந்து இரண்டு கூடவோ குறையவோ என்றார். நெல்சன் கோவன் 2001-இல் ஏறத்தாழ நான்குதான் என்று குறைத்தார். இந்தக் குறுகிய இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். தொடக்கநிலை மாணவர் கணக்குப் போடும்போது கேட்கப்பட்ட விடை, கையில் இருக்கும் விவரம், இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அதைக் குறைக்கும் அடுத்த படி என எல்லாவற்றையும் அங்கேயே வைத்திருக்கிறார். விடை வந்துவிடலாம், ஆனால் அந்தக் கணக்கு எந்த வகையைச் சேர்ந்தது என்று கவனிக்க இடம் மிஞ்சாது. ஜான் ஸ்வெல்லர் 1988-இல் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து இதுதான். அறிதிறன் சுமைக் கோட்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது.

மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சுமை என்பது இந்தக் கணக்கு இந்த மாணவரிடம் கேட்பது. முயற்சி என்பது அவர் உண்மையில் கொடுத்தது. மதிப்பெண் என்பது அதனால் விளைந்தது. சுமை ஏறினால் ஓர் எல்லைவரை முயற்சியும் ஏறும்; அந்த எல்லைக்கு மேல் மாணவர் கைவிட்டுவிடுவார், முயற்சி சரியும். ஆகவே குறைந்த முயற்சி என்ற ஒற்றை எண்ணுக்குப் பொருளே இல்லை. நன்றாகத் தெரிந்ததாலும் அது குறையும், கைவிட்டதாலும் குறையும். மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்தால்தான் எது என்று தெரியும்.

படி 1: கணக்குகளைத் தேர்ந்தெடுத்தல்

கணக்கின் நீளத்தைப் பார்க்காதீர்கள். ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் விவரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். 347 + 512 என்பதில் மூன்று கூட்டல்கள் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனி: 7+2, 4+1, 3+5. ஒன்றை முடித்ததும் மறந்துவிடலாம். 347 + 586 என்றால் ஒன்றாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் மீதி அடுத்த இடத்துக்குப் போகிறது. முந்தையதை விடாமல் அடுத்ததைச் செய்ய வேண்டும். 16 × 23-ஐ மனக்கணக்காகப் போடச் சொன்னால் 320-ஐப் பிடித்துக்கொண்டே 48-ஐக் கண்டுபிடித்து, இரண்டையும் கூட்டி 368-க்கு வர வேண்டும். பார்வைக்கு மூன்றில் மிகச் சிறியது இதுதான். சுமையில் மிகப் பெரியது.

எண்ணிக்கை மாணவரைப் பொறுத்தும் மாறும். 12 × 12 ஒருவருக்கு வாய்ப்பாட்டில் இருக்கும் ஒற்றை விவரம். இன்னொருவருக்கு நான்கு படிகள். எனவே அளவீட்டுக்கு முன்பே அந்தக் குழுவுக்கு எது மனப்பாடம், எது புதிது என்று ஒரு சிறு முன்தேர்வு வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு 'எளிது, நடுத்தரம், கடினம்' என்று ஆசிரியரே பெயரிட்டால் அது ஆசிரியரின் அனுபவத்தை அளந்ததாகத்தான் முடியும்.

ஒரு வகுப்பு நேரத்துக்கு 9 முதல் 12 கணக்குகள் போதும்: மூன்று நிலைகள், நிலைக்குக் குறைந்தது மூன்று. நிலைக்கு ஒன்று மட்டும் வைத்தால் அந்த ஒரு கணக்கின் தனித்தன்மை நிலையின் தன்மையாகத் தோன்றிவிடும். ஒவ்வொரு கணக்குக்கும் மேல்வரம்பாக மூன்று நிமிடம் வையுங்கள். முடிக்காதவற்றைத் தவறு என்று குறிக்காமல் 'முடியவில்லை' என்று தனியாகக் குறியுங்கள்; பின்னால் இந்தப் பிரிவு தேவைப்படும்.

வரிசையும் முக்கியம். எல்லாருக்கும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போனால் கடினமும் களைப்பும் கலந்துவிடும். வகுப்பை மூன்றாகப் பிரித்து, முதல் பிரிவுக்கு எளிது–நடுத்தரம்–கடினம், இரண்டாவதற்கு நடுத்தரம்–கடினம்–எளிது, மூன்றாவதற்குக் கடினம்–எளிது–நடுத்தரம் என்று கொடுங்கள். ஒவ்வொரு நிலையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வந்துவிடும். கூடவே, எல்லாப் பிரிவுக்கும் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒரே வகை எளிய கணக்கு ஒன்றை வையுங்கள். இறுதியில் அதற்கு வரும் எண் தொடக்கத்தைவிட இரண்டு கூடியிருந்தால் அந்த இரண்டு களைப்பின் பங்கு.

வாக்கியக் கணக்கு என்றால் அதற்கு ஓர் இரட்டை, அதாவது சொற்கள் இல்லாமல் வெறும் எண்களால் எழுதிய அதே கணக்கு, கட்டாயம் வேண்டும். 'ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்திலும் இன்னொரு குழாய் 3 மணி நேரத்திலும் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம்?' என்ற கணக்கின் இரட்டை 1 ÷ (1/6 + 1/3). இரண்டுக்கும் விடை 2. வாக்கியக் கணக்குக்கு முயற்சி 7, இரட்டைக்கு 3 என்று வந்தால் மாணவருக்குப் பின்னம் வரும். வாக்கியத்தைக் கணக்காக மாற்றும் இடத்தில்தான் மனம் திணறுகிறது. இரண்டுக்கும் 7 என்றால் பின்னத்துக்கே திரும்ப வேண்டும். இரட்டை இல்லாமல் வரும் 7-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே நாளில் இரண்டையும் ஒரே மாணவருக்குக் கொடுக்கும்போது எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: 6-க்கும் 3-க்கும் பதிலாக 12-ம் 4-ம் வைத்தால் விடை அதேபோல் முழு எண்ணாக, 3 என்று வரும்.

வடிவியலில் இன்னொரு வகை இரட்டை உண்டு. கோண அளவுகளைப் படத்துக்குக் கீழே பட்டியலாகக் கொடுத்தால் மாணவர் பட்டியலுக்கும் படத்துக்கும் இடையே கண்ணை ஓட்டியபடி ஒவ்வோர் அளவையும் மனதில் சுமக்க வேண்டும். அதே அளவுகளைப் படத்தின் கோணங்களிலேயே எழுதிய தாளையும் தயாரியுங்கள். கணக்கு அதேதான்; முயற்சி எண் குறைந்தால் குறைந்த பங்கு முழுவதும் தாள் வடிவமைப்பின் குற்றம்.

படி 2: அளவுகோல்

ஃபிரெட் பாஸ் 1992-இல் புள்ளியியல் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வில் பயன்படுத்திய ஒன்பது புள்ளி அளவுகோல்தான் இன்றும் இத்துறையின் அன்றாடக் கருவி. ஒரே ஒரு கேள்வி:

'இப்போது போட்ட கணக்குக்கு நான் செலவிட்ட மன முயற்சி'
1 – மிக மிகக் குறைவு
2 – மிகக் குறைவு
3 – குறைவு
4 – ஓரளவு குறைவு
5 – குறைவும் இல்லை, அதிகமும் இல்லை
6 – ஓரளவு அதிகம்
7 – அதிகம்
8 – மிக அதிகம்
9 – மிக மிக அதிகம்

ஒன்பது எண்களுக்கும் சொற்களை அச்சிடுங்கள். இரு முனைகளுக்கு மட்டும் சொல் வைத்தால் நடுவில் இருக்கும் எண்களுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் கொடுப்பார்கள். ஒரு பயன்பாட்டில் 'கடினம்' என்றும் அடுத்ததில் 'முயற்சி' என்றும் மாற்றாதீர்கள். அப்புறம் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இரண்டுமே தேவை என்றால் இரண்டு தனிக் கேள்விகளாக, முயற்சியை முதலில் வைத்துக் கேளுங்கள்.

பத்து வயதுக்குக் கீழே ஒன்பது புள்ளி அதிகம், ஐந்து போதும். படம் சேர்ப்பதானால் சிரித்த முகம், அழுத முகம் வேண்டாம். அவை பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதைத்தான் கேட்கின்றன. முயன்று போட்ட கணக்கு பிடித்த குழந்தைகள் சிரித்த முகத்தைத்தான் தொடுவார்கள். சிறிய பொருளிலிருந்து பெரிய பொருள்வரை தூக்கும் ஓர் உருவத்தின் ஐந்து படங்கள் இந்தக் குழப்பத்தைத் தராது.

வேறு இரண்டு அளவுகோல்களும் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லேண்ட் இருவரும் 1988-இல் வெளியிட்ட நாசா டிஎல்எக்ஸ் என்ற பணிச்சுமைப் படிவம் ஆறு கூறுகளை அளக்கிறது: மனத் தேவை, உடல் தேவை, நேர நெருக்கடி, தன் செயல்பாடு, முயற்சி, எரிச்சல். 0 முதல் 100 வரை ஐந்தைந்தாக ஏறும் கோட்டில் குறிக்க வேண்டும். முழு முறையில் ஆறு கூறுகளையும் இரண்டிரண்டாக ஒப்பிடும் 15 கேள்விகளும் உண்டு. விமானப் பணி போன்றவற்றுக்காக உருவானது என்பதால் உடல் தேவை என்ற கூறு கணக்குத் தாளுக்குப் பொருந்தாது. கணக்குக்குக் கணக்கு இதைக் கேட்டால் மாணவர் படிவம் நிரப்பியே களைத்துவிடுவார். ஒரு முழுத் தேர்வின் முடிவில் ஒருமுறை கேட்க ஏற்றது. ஜிம்மி லெப்பிங்க் குழுவினர் 2013-இல் வெளியிட்ட பத்துக் கேள்விப் படிவம் பாடத்தின் இயல்பான சுமை, சொல்லித்தந்த விதத்தால் வந்த சுமை, கற்றலுக்கு உதவிய பங்கு என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. பாட இறுதியில் ஒருமுறை கொடுக்கலாம். மாணவர்கள் முதல் இரண்டையும் பிரித்துச் சொல்வதற்குப் பாடத்தில் கொஞ்சமாவது தேர்ச்சி வேண்டும். முற்றிலும் புதியவருக்குக் குழப்பமெல்லாம் ஒரே குழப்பம்தான்.

படி 3: மாணவரைப் பழக்குதல்

இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பெரும்பாலான வகுப்பறை முயற்சிகளில் தவிர்க்கப்படும் படி இது. எல்லாரும் 5-ஐ வட்டமிட்டுக் கொடுப்பதற்கான காரணமும் இதுதான்.

முதலில் 6 + 3 போன்ற ஒன்றைப் போடச் சொல்லி எண் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்து 27 × 34-ஐத் தாளில் எழுதாமல் மனதிலேயே போடச் சொல்லி, 90 விநாடியில் நிறுத்தி, எண் குறிக்கச் சொல்லுங்கள் (விடை 918, வந்ததா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை). முதலாவது 1 அல்லது 2, இரண்டாவது 8 அல்லது 9 என்ற பக்கம் வர வேண்டும். இந்த இரண்டு அனுபவங்களும் அளவுகோலின் இரு முனைகளைக் கட்டிவிடுகின்றன. பிறகு மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: இதற்கு மதிப்பெண் இல்லை, பெரிய எண் பலவீனம் அல்ல, கைவிட்ட கணக்குக்கு, கைவிடும்வரை எவ்வளவு முயன்றோம் என்பதைத்தான் குறிக்க வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் கைவிட்ட கணக்குகளுக்கெல்லாம் 9 வரும். மாணவர் அங்கே 'முடியவே இல்லை' என்பதைத்தான் எழுதுகிறார்.

படி 4: கேட்கும் நேரம்

ஒவ்வொரு கணக்கையும் முடித்த உடனே, விடை சரியா தவறா என்று தெரிவதற்கு முன், அடுத்த கணக்கைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும். மூன்று நிபந்தனைகளில் ஒன்று போனாலும் எண் மாறும்.

உடனே கேட்பதற்கான காரணம் சோதித்துப் பார்க்கப்பட்டது. தமாரா வான் கோக், பாஸ் உள்ளிட்ட குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தொடரின் முடிவில் ஒட்டுமொத்தமாக ஒருமுறை கேட்டபோது வந்த எண், ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் கேட்ட எண்களின் சராசரியைவிடக் கூடுதலாக இருந்தது. ஒருவர் முடிவில் கேட்டும் இன்னொருவர் உடனுக்குடன் கேட்டும் எடுத்த எண்களைச் சேர்த்து ஒரே அட்டவணையில் வைக்கக்கூடாது.

விடை தெரிந்தபின் கேட்டால் சரியாகப் போட்டவர் 'எளிதாகத்தான் இருந்தது' என்று எண்ணைக் குறைப்பார், தவறியவர் கூட்டுவார். அப்போது நீங்கள் அளப்பது மதிப்பெண்ணின் நிழலை. எண்களும் மதிப்பெண்ணும் சந்தேகப்படும் அளவுக்கு ஒத்துப்போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது: விடைக்குறிப்பு எங்கேயாவது கண்ணில் பட்டதா, கணினி சரி-தவறு ஒலி எழுப்பியதா, பக்கத்து மேசையில் விடையைச் சொன்னார்களா.

தாள் அமைப்பு இப்படி இருக்கட்டும்: ஒரு பக்கத்தில் ஒரு கணக்கு மட்டும், அடுத்த தாளில் அளவுகோல் மட்டும், அதற்கடுத்த தாளில் அடுத்த கணக்கு. கணக்குக்குக் கீழேயே அளவுகோலை அச்சிட்டால் சிலர் கணக்கைப் படித்ததுமே எண்ணைக் குறித்துவிடுவார்கள். முந்தைய எண்கள் கண்ணில் படும்படி ஒரே தாளில் வரிசையாக அடுக்கினால் முன்பு போட்டதைப் பார்த்து அடுத்ததைப் போடுவார்கள். எண் குறிக்க ஐந்து முதல் பத்து விநாடி போதும். அதிக நேரம் கொடுத்தால் யோசித்து 'நியாயமான' எண்ணைத் தேடுவார்கள். ஆசிரியர் அந்த நேரத்தில் மேசைகளுக்கு இடையே நடக்காமல் இருப்பது நல்லது. ஆசிரியர் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது எண்கள் குறைகின்றன. 'எனக்கு இது சாதாரணம்' என்று காட்ட விரும்பாத மாணவர் அரிது.

படி 5: நேரத்தைப் பதிவு செய்தல்

கணினியில் என்றால் தானாகப் பதிவாகும். தாளில் என்றால் விநாடி தெரியும் பெரிய கடிகாரத்தை முன்னால் வைத்து, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் எழுதச் சொல்லுங்கள். நேரம் முயற்சிக்குப் பதிலி ஆகாது: மெதுவாக எழுதுபவருக்கும் நேரம் கூடும், ஜன்னலைப் பார்த்தவருக்கும் கூடும். ஆனால் 20 விநாடியில் முடித்துவிட்டு 9 குறித்தவரையும், மூன்று நிமிடம் எழுதிவிட்டு 1 குறித்தவரையும் கண்டுபிடிக்க உதவும். சராசரியைவிட நடுமதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை, பயன்படுத்துங்கள். ஓரிருவர் நீண்ட நேரம் எடுத்தாலே சராசரி இழுபட்டுவிடும்.

படி 6: பதற்றத்தைத் தனியாகக் கேட்டல்

மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் காட்டியபடி, கணிதப் பதற்றம் உள்ளவர்களுக்குக் கணக்கு வேலையின்போது செயல்நினைவின் ஒரு பகுதியைப் பதற்றமே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவர் குறிக்கும் 8-இல் கணக்குக்குப் போன பங்கு எவ்வளவு, கவலைக்குப் போன பங்கு எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே முயற்சிக் கேள்விக்குப் பின் 'இந்தக் கணக்கைப் போடும்போது எவ்வளவு பதற்றமாக இருந்தது?' என்று அதே ஒன்பது புள்ளியில் கேளுங்கள். எளிய கணக்குகளிலேயே பதற்றமும் முயற்சியும் சேர்ந்து உயரமாக இருந்தால் பயிற்சித் தாளைக் கூட்டுவது அந்த மாணவருக்கு உதவாது. நேர வரம்பை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

படி 7, தேவைப்பட்டால் மட்டும்: இரண்டாம் பணி

மாணவரின் சொல்லை மட்டும் நம்பாமல் நடத்தையிலிருந்து அளக்க வேண்டும் என்றால் இது நல்ல வழி. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒழுங்கற்ற இடைவெளியில், அதாவது 5 முதல் 15 விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும், ஒரு சிறு ஒலி வரும். கேட்டதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மனம் கணக்கில் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறதோ அவ்வளவு தாமதமாக அழுத்துவார்.

முதலில் கணக்கு இல்லாமல் 20 ஒலிகளுக்கு அழுத்தச் செய்து அவரவர் அடிப்படை வேகத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு கணக்கின்போது வரும் வேகத்திலிருந்து அதைக் கழியுங்கள். அடிப்படை 320 மில்லி விநாடி, கணக்கின்போது 560 என்றால் கூடுதல் 240. அந்த 240-தான் ஒப்பீட்டுக்கு. 150 மில்லி விநாடிக்குக் கீழே வருவது ஒலியைக் கேட்டு அழுத்தியது அல்ல, குருட்டு ஊகம், நீக்கிவிடுங்கள். அழுத்தாமல் விட்ட ஒலிகளையும் எண்ணுங்கள். மிகக் கனமான கணக்கில் தாமதத்தைவிட விடுபடல்தான் அதிகம் பேசும்.

கை எழுதிக்கொண்டிருந்தால் பொத்தானைக் கால் மிதியாக வையுங்கள். இல்லையென்றால் பேனாவை வைத்துவிட்டுக் கையை நீட்டும் நேரம் முழுவதும் சுமையாகக் கணக்கில் ஏறும். 'கணக்குத்தான் முக்கியம், ஒலி இரண்டாவது' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிலர் ஒலிக்காகக் காத்திருந்து கணக்கை விட்டுவிடுவார்கள். அதைச் சரிபார்க்க, அதே நிலைக் கணக்குகள் சிலவற்றை ஒலி இல்லாமலும் போடச் செய்யுங்கள். ஒலியோடு மதிப்பெண் கணிசமாகக் குறைந்தால் அளவீடே சுமையாகிவிட்டது. இடைவெளியை நீட்ட வேண்டும்.

உடல் அளவீடுகள்: எங்கே உதவும், எங்கே உதவாது

எக்கார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட் இருவரும் 1964-இல், 7 × 8-லிருந்து 16 × 23 வரையிலான பெருக்கல்களை மனக்கணக்காகக் கொடுத்துக் கண்பாவையைப் படம் பிடித்தார்கள். கணக்கு கனக்கக் கனக்கக் கண்பாவை அதிகம் விரிந்தது. விடை சொல்வதற்குச் சற்று முன் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சுருங்கியது. இரண்டு ஆண்டுகளில் டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் எண்களை மனதில் வைத்துக்கொள்ளும் பணியில் இதையே காட்டினார்கள்: ஒவ்வோர் எண்ணைக் கேட்கக் கேட்க விரிவு, திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருக்கம்.

கவர்ச்சியான முறைதான், வகுப்பறையில் உடைவது எளிது. வெளிச்சம் மாறினால் கண்பாவையின் விட்டம் ஏறத்தாழ 2 முதல் 8 மில்லி மீட்டர்வரை மாறும். மன முயற்சியால் வரும் மாற்றம் பெரும்பாலும் அரை மில்லி மீட்டருக்குள். மேகம் விலகினாலே அளவீடு போயிற்று. ஆகவே ஜன்னலை மூடி, விளக்கை மாற்றாமல், எல்லாக் கணக்குத் திரைகளையும் ஒரே அளவு பிரகாசத்தில் அமைத்து, ஒவ்வொரு கணக்குக்கும் முன் அதே பிரகாசமுள்ள வெற்றுத் திரையில் ஒரு விநாடி அடிப்படை விட்டத்தை எடுத்து, அதிலிருந்து எவ்வளவு விரிந்தது என்று மட்டும் பாருங்கள். விரிவு சிந்தனைக்கு ஏறத்தாழ ஒரு விநாடி பின்தங்கி வரும். கண் சிமிட்டிய இடங்களை முன்பின் மதிப்புகளைக் கொண்டு நிரப்ப வேண்டும். குனிந்து தாளில் எழுதும் கணக்குக்கு இது சரிவராது. திரையைப் பார்த்தபடி மனக்கணக்கு என்றால் சரி.

மூளை அலைப் பதிவில் சுமை கூடும்போது முன் நடுப்பகுதியில் தீட்டா அலை வலுப்பதும், பின்பகுதியில் ஆல்ஃபா அலை தணிவதும் நன்கு அறியப்பட்டவை. ஆனால் தலையசைவும் தாடை இறுக்கமும் அதைக் கெடுக்கும். ஆய்வகத்துக்கு வெளியே பரிந்துரைக்க மாட்டோம். இதயத்துடிப்பு மாறுபாடு கணக்குக்குக் கணக்கு வரும் நுண்ணிய வேறுபாட்டைக் காட்டப் போதாது. தோலின் மின்கடத்தல் பதற்றத்துக்கும் முயற்சிக்கும் ஒரே மாதிரி எகிறும்.

படி 8: எண்களைப் படித்தல்

மதிப்பெண்ணையும் முயற்சியையும் இணைத்து, செலவிட்ட முயற்சிக்கு எவ்வளவு பலன் கிடைத்தது (இங்கே 'திறன்' என்பது இதைத்தான்) என்று காட்டப் பாஸும் யெரோன் வான் மெரியன்போயரும் 1993-இல் கொடுத்த சூத்திரம்:

திறன் = (மதிப்பெண்ணின் இசட் மதிப்பு − முயற்சியின் இசட் மதிப்பு) ÷ √2

இசட் மதிப்பு என்பது ஒருவரின் எண்ணிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வகுத்தது. உதாரணமாக, மதிப்பெண்ணின் சராசரி 6, திட்ட விலக்கம் 2. முயற்சியின் சராசரி 5.5, திட்ட விலக்கம் 1.5 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாணவர்: மதிப்பெண் 8, முயற்சி 4. இசட் மதிப்புகள் +1, −1. திறன் 2 ÷ 1.414 = 1.41.
இரண்டாவது மாணவர்: மதிப்பெண் 8, முயற்சி 7. இசட் மதிப்புகள் +1, +1. திறன் 0.
மூன்றாவது மாணவர்: மதிப்பெண் 4, முயற்சி 4. இசட் மதிப்புகள் −1, −1. திறன் 0.

இரண்டாமவரையும் மூன்றாமவரையும் பாருங்கள். ஒருவர் உழைத்துச் சரியாகப் போட்டவர். மற்றவர் முயலாமல் தவறியவர். சூத்திரம் இருவருக்கும் ஒரே பூஜ்யத்தைக் கொடுக்கிறது. இதனால்தான் திறன் எண்ணை மட்டும் அட்டவணையில் போடக்கூடாது. வரைபடத்தாளில் கிடைக்கோட்டில் முயற்சியின் இசட் மதிப்பையும் செங்குத்துக் கோட்டில் மதிப்பெண்ணின் இசட் மதிப்பையும் வைத்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு புள்ளி இடுங்கள். நான்கு கட்டங்கள் பிரிந்து நிற்கும்.

மேல் இடது: குறைந்த முயற்சி, நல்ல மதிப்பெண். அடுத்த பாடத்துக்குப் போகலாம். இவர்களுக்கு இன்னும் படிப்படியான தீர்வுகளைக் காட்டிக்கொண்டிருந்தால் அதுவே தேவையற்ற சுமை. புதியவருக்கு உதவும் முறை தேர்ந்தவருக்கு இடைஞ்சலாவது இத்துறையில் பலமுறை கண்ட விளைவு.
மேல் வலது: அதிக முயற்சி, நல்ல மதிப்பெண். புரிந்திருக்கிறது, இன்னும் பழகவில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஆசிரியர் தவறவிடுவது இவர்களைத்தான். அடுத்த அலகில் இதே படிகள் உட்கூறாக வரும்போது சரிவார்கள்.
கீழ் வலது: அதிக முயற்சி, குறைந்த மதிப்பெண். செய்துகாட்டிய தீர்வுகள் முழுதாக வேண்டும். ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் சோதித்தது இதைத்தான்: தானே மோதிப் பார்ப்பதைவிடத் தீர்த்த எடுத்துக்காட்டைப் படிப்பது தொடக்கநிலையினருக்கு அதிகம் உதவியது.
கீழ் இடது: குறைந்த முயற்சி, குறைந்த மதிப்பெண். 'முடியவில்லை' குறியீட்டையும் நேரத்தையும் இங்கே எடுத்துப் பாருங்கள். 15 விநாடியில் விட்டவரும், தவறான முறையை நம்பிக்கையோடு போட்டவரும் இதே கட்டத்தில்தான் இருப்பார்கள். பின்னவருக்கு முயற்சி குறைவது இயல்பு. தன் முறை தவறென்று அவருக்குத் தெரியாது.

கணக்கிடும்போது நேரும் ஒரு தவறு எல்லாவற்றையும் வீணாக்கும். இரண்டு கற்பித்தல் முறைகளை ஒப்பிடும்போது இசட் மதிப்பை ஒவ்வொரு குழுவுக்குள்ளும் தனித்தனியாகக் கணக்கிட்டால் இரண்டு குழுக்களின் சராசரித் திறனும் தானாகவே பூஜ்யமாகிவிடும். வேறுபாடு இருந்தாலும் தெரியாது. இரு குழுக்களையும் சேர்த்து ஒரே சராசரி, ஒரே திட்ட விலக்கம் எடுத்து, அதன்பின் குழுக்களைப் பிரியுங்கள்.

முயற்சி எண் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்பதும் பொருளை மாற்றும். கற்கும்போது எடுத்த எண், கற்றல் எவ்வளவு செலவு பிடித்தது என்று சொல்லும். பின்தேர்வில் எடுத்த எண், கற்றது எவ்வளவு படிந்திருக்கிறது என்று சொல்லும். இரண்டையும் எடுங்கள், கலக்காதீர்கள்.

ஒருவரின் 6 இன்னொருவரின் 6 அல்ல என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். அதனால் மாணவருக்கு மாணவர் ஒப்பிடுவதைவிட ஒரே மாணவரைக் காலத்தோடு ஒப்பிடுவது உறுதியானது. இரண்டு வாரமும் பத்துக்குப் பத்து எடுத்த மாணவரின் முயற்சி 7-லிருந்து 3-க்கு இறங்கியிருந்தால் அந்த இடைவெளியில் நிறையக் கற்றல் நடந்திருக்கிறது. மதிப்பெண் அதைக் காட்டவே இல்லை.

தரவைச் சுத்தம் செய்தல்

எல்லாக் கணக்குக்கும் ஒரே எண் குறித்தவரின் தரவை ஒப்பீட்டிலிருந்து விலக்கி, விலக்கியவர்கள் எத்தனை பேர் என்று குறித்துவையுங்கள். பழக்கும்போது கொடுத்த இரண்டு கணக்குகளில் எளியதற்குக் கடினமானதைவிடப் பெரிய எண் குறித்தவர் அளவுகோலைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அவரிடம் கேட்டுத் திருத்திவிட்டு மறுபடி எடுங்கள், நீங்களாக எண்களைத் திருப்பிப் போடாதீர்கள். விடுபட்ட எண்ணுக்கு 5 போட்டு நிரப்புவது தவறு, காலியாகவே விடுங்கள். குழு சிறியதாக இருந்தால், அதாவது பதினைந்து இருபது பேர் என்றால், சராசரியோடு நடுமதிப்பையும் கொடுங்கள். அளவுகோலில் 2-க்கும் 3-க்கும் உள்ள தூரம் 7-க்கும் 8-க்கும் உள்ள தூரத்துக்குச் சமம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

முடிவுகளை எழுதும்போது கேள்வியின் முழு வாசகம், புள்ளிகளின் எண்ணிக்கை, எந்தெந்தப் புள்ளிகளுக்குச் சொல் இருந்தது, எப்போது கேட்கப்பட்டது, விடை தெரிந்தபின்னா முன்னா, கணக்குக்கு ஒருமுறையா தொடருக்கு ஒருமுறையா, பழக்கக் கணக்குகள் கொடுக்கப்பட்டனவா, எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள் ஆகியவற்றை எழுதுங்கள். 'மன முயற்சி சராசரி 5.8' என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு உங்களாலேயே அதை ஒப்பிட முடியாது.